ஒஸ்தா மாமாவும் விறைப்பூசியும்: கத்னாவின் பாதுகாப்புப் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

"ஒஸ்தா மாமா வாறாராம்" என்ற ஒரு சொல் போதும். ஹாலிஎல, பதுளைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு காலத்தில் பொடியன்மார் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வார்கள். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. டிஸ்பென்சரியிலோ தனியார் வைத்தியசாலையிலோ விறைப்பூசி போட்டு, அரை மணித்தியாலத்துக்குள் சுன்னத்து முடிந்துவிடுகிறது. பின்னேரம் பிள்ளை வீட்டில் இருக்கிறது. "இப்ப என்ன, ஊசி போட்டுத்தானே செய்றாங்க, ஒரு பயமும் இல்ல" என்று பெற்றோர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

வலி இல்லை என்பது உண்மைதான். பயமில்லை என்பதும் அதே அளவு உண்மையா என்பதே கேள்வி. வலியை நீக்கிய மருந்து ஒரு வழியாக வந்தது. உயிரைக் காக்கும் முறைகள் வேறு வழிகளால், வேறு காலங்களில் வந்தன. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் இந்தச் சின்னச் சத்திரசிகிச்சையில் இன்றும் சில வீடுகளுக்குத் துயரம் வந்து சேர்கிறது. அவை வந்த வரலாற்றைப் பிரித்துப் பார்த்து, நம் பிள்ளைகள் விடயத்தில் எதைக் கேட்கவேண்டும், எதைக் கவனிக்கவேண்டும் என்று தெளிவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு பேசப்படுவது ஆண்பிள்ளைகளின் கத்னா மட்டுமே.

கத்தி பிடித்த கையும் கிதாபு படித்த கையும்

ஒஸ்தா என்ற சொல் ஆசான், கைதேர்ந்தவர் என்று பொருள்படும் உஸ்தாத் என்பதிலிருந்து வந்தது என்பர். பெயரில் இருந்த மரியாதை வாழ்க்கையில் இருக்கவில்லை. முடி மழிப்பதும் கத்னா செய்வதும் இவர்களின் பரம்பரைத் தொழில்கள். மனைவிமார் ஒஸ்தா மாமி என்ற பெயரில் பிள்ளைப்பேறு பார்த்தனர். கிழக்கிலங்கையில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ளும் தனிக் குழுவாக இவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்ததைப் பதிவுசெய்துள்ளார். கேரளத்து மாப்பிளைமாரிடையே ஒஸ்ஸான் என்ற பெயரில் இதேபோன்ற குழுவொன்று உண்டு. வாயால் மாமா என்று அழைத்தோம். ஆனால் அந்த மாமா வீட்டில் பெண் எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. சமத்துவம் பேசும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் இதையும் நம் வரலாற்றில் எழுதித்தான் ஆகவேண்டும்.

அதே காலத்தில் இன்னொரு வகை முஸ்லிம் வைத்தியர்களும் இந்நாட்டில் இருந்தார்கள். கண்டி மன்னர்களின் அரண்மனை மருந்துச்சாலையில் முஸ்லிம் வைத்தியக் குடும்பங்கள் பணியாற்றியதை லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். கோபால முதலியார் பரம்பரை அவற்றுள் பேர்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் கொழும்பில் வாழ்ந்த மீரா லெப்பை மேஸ்திரியார் என்ற முஸ்லிம் வைத்தியரின் அறிவைப் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதமொன்றில் பாராட்டியுள்ளார். இவர்கள் கிதாபு படித்தவர்கள், மூலிகை அறிந்தவர்கள், சபைகளில் இடம் பெற்றவர்கள்.

ஆக, படித்தவர் வெட்டவில்லை. வெட்டியவருக்குப் படிப்புக் கொடுக்கப்படவில்லை. இந்தப் பிளவு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் சத்திரசிகிச்சை நாவிதரின் தொழிலோடு சேர்ந்தே இருந்தது. 1540இல் எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் நாவிதரும் சத்திரசிகிச்சையாளரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இல்தான் அவர்கள் பிரிந்தார்கள். அதன்பின் அங்கு கத்தி பிடித்தவர் கல்லூரிக்குப் போனார். இங்கு ஒஸ்தா தன் வாப்பாவின் கையைப் பார்த்துப் பழகியதோடு நின்றார். அவருடைய கைத்திறமை குறைவானதல்ல. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்து பழகிய கை அது. அவருக்குக் கிடைக்காமல் போனது, பிழை ஏன் நேருகிறது என்று சொல்லித்தரும் கல்வி.

குர்துபாவில் எழுதப்பட்ட பாடம்

அந்தக் கல்வி முஸ்லிம் உலகில் இருக்கவில்லையா? இருந்தது. ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே, மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி. காலம் கி.பி. 936 முதல் 1013 வரை. அவர் எழுதிய அத்தஸ்ரீஃப் என்ற மருத்துவக் களஞ்சியம் 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களை அதில் அவர் வரைந்து காட்டினார். 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு இதனை லத்தீனுக்கு மொழிபெயர்த்தபின், ஐரோப்பியச் சத்திரசிகிச்சையாளர்கள் பல தலைமுறைகளாக இதைப் படித்தார்கள்.

அதில் கத்னாவுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. கிரேக்கரிடம் இவ்வழக்கம் இல்லாததால் முன்னோர் நூல்களில் இதற்கு வழிகாட்டல் கிடையாது என்றும், தாம் அனுபவத்தால் கண்டதையே எழுதுவதாகவும் அவர் கூறுகிறார். நாவிதர்கள் கையாண்ட முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் என்ன தவறு நேரும் என்று சொல்கிறார். சவரக்கத்தியால் வெட்டினால் தோலின் மேற்படை மட்டும் வெட்டுப்பட்டு உட்படை எஞ்சிவிடலாம். பிள்ளைக்கு இரண்டாவது தடவை வலி. வளையத்தில் தோலை இழுத்து வெட்டினால் உறுப்பின் நுனியும் அதற்குள் அகப்படலாம். ஆகவே நூலால் கட்டிவிட்டு, இரு அலகும் ஒன்றாகச் சேரும் கத்தரிக்கோலால் வெட்டுவதே மேல் என்பது அவருடைய முடிவு. பிள்ளையின் கண்ணில் கருவி படாதபடி மறைத்து வைக்கவேண்டும் என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அங்கே இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் வைத்தியர், சின்ன வெட்டு என்று அலட்சியம் பண்ணாமல், சிக்கல்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். அந்தப் பாடம் நம்மூர் ஒஸ்தாவின் பெட்டிவரை வந்து சேரவில்லை. சேர்ந்தது கத்தி மட்டுமே.

இரத்தம் நிற்காத வீடுகள்

அஸ்ஸஹ்ராவி பதிவுசெய்த இன்னொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியமானது. ஒரு கிராமத்தில் ஆண்களுக்குச் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் ஓடி உயிர் போய்விடுவதை அவர் குறித்துவைத்தார். இன்று ஹீமோபீலியா எனப்படும் பரம்பரை நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்றாக இதனை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். யூதர்களும் இதை அறிந்திருந்தார்கள். கத்னா செய்த இரண்டு ஆண்மக்கள் இரத்தப்போக்கால் இறந்துவிட்டால் மூன்றாவது மகனுக்குச் செய்யவேண்டாம் என்ற தீர்ப்பு, கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அவர்களுடைய அறிஞர்களின் கருத்தாகத் தல்மூதில் பதிவாகியுள்ளது.

ஹீமோபீலியாவின் முக்கிய வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவரைத் தாக்குகிறது. பெரும்பாலும் தாய் வழியாக வரும், தாய்க்குப் பல வேளைகளில் வெளியில் ஒன்றும் தெரியாது. பல பிள்ளைகளில் அந்நோய் முதன்முதலில் வெளிப்படுவதே கத்னாவின்போதுதான். வெட்டும்வரை ஓடி விளையாடிய பிள்ளை. வெட்டிய பின்னரே வீட்டார் அறிகிறார்கள்.

இங்கு ஒஸ்தாவுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் குடும்பங்களை அறிந்தவர். வாப்பாவுக்குச் செய்தவரே மகனுக்கும் செய்தார், அல்லது அவருடைய வாப்பா செய்தார். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இரத்தம் நிற்கச் சுணங்கியது என்ற நினைவு அந்தத் தொழிலுக்குள் இருந்தது. இன்று நகரத்தில் கத்னா செய்யும் வைத்தியர் அந்தக் குடும்பத்தை அன்றுதான் காண்கிறார். நினைவின் இடத்தைக் கேள்விதான் நிரப்பவேண்டும். உம்மாவின் சகோதரர்கள், உம்மாவின் தாய்வழி ஆண்கள் யாருக்கேனும் பல் பிடுங்கியபோதோ காயத்தின்போதோ அளவுமீறி இரத்தம் போனதா? பிள்ளைக்குக் காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடச் செல்லாது. ஊசி போடுவதற்கு முன் இவற்றைக் கேளாத இடத்தில் ஊசி எவ்வளவு நன்றாக வேலை செய்தும் பயனில்லை.

விறைப்பூசி வந்த வழி

ஒஸ்தாவிடம் இல்லாததும் இன்று எல்லோரும் நம்பியிருப்பதுமான அந்த மருந்தின் கதைக்கு வருவோம். தென்னமெரிக்காவின் கோக்கா இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொக்கெயின் கண்ணின் மேற்பரப்பை விறைக்கச் செய்வதை 1884இல் வியன்னாவின் இளம் வைத்தியர் கார்ல் கொல்லர் காட்டினார். நோயாளி விழித்திருக்கவே வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது உலகை வியக்கவைத்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அதன் மறுபக்கமும் தெரிந்தது. அளவு கூடிய நோயாளிகள் வலிப்பு வந்து இறந்தார்கள். தம்மீதே சோதித்துப் பார்த்த வைத்தியர் சிலர் அதற்கு அடிமையானார்கள். அமெரிக்காவின் பேர்பெற்ற சத்திரசிகிச்சையாளர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவர்களுள் ஒருவர்.

1903இல் ஜெர்மனியின் ஹைன்ரிஹ் பிரவுன், விறைப்பு மருந்தோடு அட்ரினலினைச் சேர்த்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அதே இடத்தில் நீண்டநேரம் தங்கும் என்று கண்டார். அடிமைப்படுத்தாத புரோகெயின், நோவோகெயின் என்ற பெயரில் 1905இல் பாவனைக்கு வந்தது. 1943இல் சுவீடனின் நில்ஸ் லொஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கினார். 1948இல் சைலோகெயின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நம்நாட்டில் லிக்னோகெயின் என்று சொல்லப்படும் மருந்து இதுதான். பல் பிடுங்கும்போது, காயத்துக்குத் தையல் போடும்போது, கட்டியைக் கீறும்போது, மருக்களை அகற்றும்போது, கத்னாவின்போது பெரும்பாலும் இதுவே போடப்படுகிறது.

இதன் வேலை எளிமையானது. நரம்புகளில் செய்தி போவதற்குச் சோடியம் உட்புகும் நுண்ணிய வாசல்கள் உண்டு. மருந்து அவ்வாசல்களை அடைத்துவிடுகிறது. வலி என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. சில மணித்தியாலங்களில் அடைப்பு நீங்கிவிடும். ஆனால் அதே வாசல்கள் மூளையிலும் இதயத்திலும் உண்டு. மருந்து இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிக் கலந்தால் அங்கேயும் வேலை செய்யத் தொடங்கும். முதலில் வாயைச் சுற்றி விறைப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல். பிறகு தடுமாற்றம், வலிப்பு. மிஞ்சினால் இதயம் நின்றுவிடும். பெரியவர் என்றால் "டொக்டர், காது ஒரு மாதிரி இரையுது" என்று சொல்வார். மூன்று வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? அழும். ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் அழுகையில் வேறுபாடு யாருக்குத் தெரியும்? பயந்து சோர்ந்த பிள்ளை தூங்குகிறது என்றே நினைப்பார்கள்.

ஒரு துளிக் கணக்கு

ஆகவேதான் பிள்ளைக்கு விறைப்பூசி போடும்போது கணக்கு வேண்டும். அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினுக்குப் பாதுகாப்பான மேல் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம். 15 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 45 மில்லிகிராம். மருந்துப் போத்தலில் 1 சதவீதம் என்றிருந்தால் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் எல்லை 4.5 மில்லிலீற்றர். 2 சதவீதம் என்றிருந்தால் எல்லை அதில் பாதி, 2.25 மில்லிலீற்றர். இரண்டு போத்தலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளையின் நிறையைப் பாராமல், போத்தலின் எழுத்தைப் பாராமல், "விறைக்கல்ல, இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்று போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இன்னும் சில விதிகள் உண்டு. அட்ரினலின் கலந்த மருந்தை ஆணுறுப்பில் போடலாகாது என்பது நெடுங்காலமாகப் பேணப்படும் எச்சரிக்கை. இரத்தக் குழாய்கள் சுருங்கித் தசைக்கு இரத்தம் போகாமல் போகலாம் என்ற அச்சமே காரணம். மருந்தைத் தள்ளுமுன் ஊசியைச் சற்றுப் பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் ஊசி குழாய்க்குள் இருக்கிறது. அங்கே மருந்தைச் செலுத்தினால் அது நேரே இதயத்துக்குப் போகும். சீழ் வைத்த இடத்தில் மருந்து சரியாக வேலை செய்யாது. அதற்காக அளவைக் கூட்டவும் கூடாது. ஊசிக்குப் பதிலாகப் பூசும் விறைப்புக் களிம்பிலும் கவனம் தேவை. அதில் கலந்துள்ள பிரிலோகெயின், சின்னஞ்சிறு குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைத்து உதடுகளை நீலமாக்கிவிடக்கூடும்.

அளவு மிஞ்சிவிட்டால் மீட்க வழியுண்டா? 1998இல் அமெரிக்காவின் கை வைன்பேர்க், இரத்தத்தில் கொழுப்புக் கரைசலைச் செலுத்தினால் இந்த நச்சுத்தன்மையிலிருந்து மீளலாம் என்று எலிகளில் காட்டினார். 2006இல் மனிதரொருவர் அவ்வாறு காப்பாற்றப்பட்ட செய்தி மருத்துவ இதழில் வெளியானது. இன்று பெரிய வைத்தியசாலைகளில் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் வைத்திருப்பது ஒரு நியமம். ஒரு சின்ன டிஸ்பென்சரியில் அது இராது. ஒட்சிசன் இருக்கவேண்டும், பிள்ளைக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் இருக்கவேண்டும். இவை இரண்டையும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலைநாட்டின் தூரம்

நம் பகுதிக்கு இக்கேள்விகள் இன்னும் கூடப் பொருந்தும். தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென்று சட்டம் வந்தது 1872இல். அதன் பின்னரே டிஸ்பென்சரிகளும் மருந்து கலக்குவோரும் தோட்டங்களுக்கு மெல்ல மெல்ல வந்தனர். ரெயில் பாதை உடுவர, ஹாலிஎல கடந்து பதுளையை அடைந்தது 1924இல். அதுவரை சத்திரசிகிச்சை வேண்டுமென்றால் பெரும்பாலும் மாட்டு வண்டியும் கால்நடையுமே துணை. நகரத்துக் கடைவீதியில் இருந்த முஸ்லிமுக்கும், தோட்டத்துக் கடையில் வியாபாரம் செய்த முஸ்லிமுக்கும் ஒஸ்தாவைத் தவிர வேறு தெரிவு பெரும்பாலும் இருக்கவில்லை. அவர் வந்து தங்கினார், செய்தார், ஓரிரு நாள் இருந்து கட்டுமாற்றிவிட்டுப் போனார் என்று நம் பக்கத்து மூத்தவர்கள் சொல்வர்.

அன்றைய பெரிய ஆபத்து கிருமித் தொற்று. தென்னாசியாவின் பல இடங்களில் காயத்துக்குத் துணி எரித்த சாம்பலைப் போடும் வழக்கம் இருந்தது. ஒரே கத்தி பல பிள்ளைகளுக்குப் பாவிக்கப்பட்டது. ஏற்புவலி பிடித்து இறந்த பிள்ளைகளின் கணக்கை எழுதி வைத்தவர் எவருமில்லை. அந்த ஆபத்தைக் குறைத்தது விறைப்பூசியன்று. முக்கூட்டுத் தடுப்பூசியும், தாய்மாருக்குக் கொடுக்கப்பட்ட ஏற்புவலித் தடுப்பூசியும், 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், கொதிநீராவியில் கிருமிநீக்கிய கருவிகளுமே குறைத்தன. குடும்ப நல உத்தியோகத்தரான மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கு வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போன அந்தத் திகதிகள்தான் நம் பிள்ளைகளை ஓசையின்றிக் காத்தன. கத்னாவுக்கு முன் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர்?

இன்றைய பெரிய ஆபத்து தூரமும் இரவும். ஹாலிஎலையிலிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் பாதை நல்லது. ஆனால் தோட்டத்து மேற்பிரிவு லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே ஒரு பயணம். மழைநாளில் சொல்லவே தேவையில்லை. விறைப்பு நீங்கி, பிள்ளை அசைந்து, சுருங்கியிருந்த குழாய்கள் திறந்து இரத்தம் கசியத் தொடங்குவது பெரும்பாலும் முதல் நாளிலேயே, வீட்டுக்கு வந்த பிறகுதான். பின்னேரம் நான்கு மணிக்குக் கத்னா செய்தால் இரத்தம் கசியும் நேரம் இரவு. காலையில் செய்தால் அது பகலில் நிகழும். வாகனமும் கிடைக்கும், வைத்தியரும் கிடைப்பார். 1990 இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது ஊவாவிலும் உண்டு. ஆனால் நேரத்தைத் தெரிவுசெய்வது நம் கையில் இருக்கும்போது ஏன் இரவைத் தெரிவுசெய்யவேண்டும்?

எண்கள் சொல்வது

உலகளாவிய அனுபவம் என்ன சொல்கிறது? ஹெலன் வைஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்றோர் செய்தபோது, கைக்குழந்தைகளில் ஏதேனுமொரு சிக்கல் ஏற்பட்ட வீதத்தின் நடு அளவு 1.5 சதவீதம். ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளில் 6 சதவீதம். கடுமையான சிக்கல்கள் இரு சாராரிலும் மிக அரிது. பயிற்சி இல்லாதோர் செய்தபோதும், கிருமிநீக்கம் இல்லாத சூழலிலும் சிக்கல்கள் அதிகரித்தன.

இதிலிருந்து இரண்டு செய்தி. ஒன்று, நல்ல முறையில் செய்தால் இது பெரும்பாலும் பாதுகாப்பானதே, பீதி தேவையில்லை. மற்றது, 6 சதவீதம் என்பது 100 பிள்ளைகளில் 6 பேர். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரே நாளில் 50 பிள்ளைகளுக்குக் கூட்டுக் கத்னா நடத்தினால் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை வரும் என்று எதிர்பார்த்துத்தான் நடத்தவேண்டும். இரத்தக் கசிவு, வீக்கம், சீழ், சலம் போக முடியாமை, தோல் மீண்டும் ஒட்டிக்கொள்ளல் ஆகியவையே அடிக்கடி காணப்படுபவை.

அரிதானாலும் மறக்கக்கூடாதவை சிலவுண்டு. 1966இல் கனடாவின் வினிப்பெக் நகரில் மின்சூட்டுக் கருவி கொண்டு செய்த கத்னாவில் ஒரு குழந்தையின் உறுப்பே எரிந்து அழிந்தது. சிறுநீர்த் துவாரம் நுனியில் அமையாமல் கீழ்ப்புறத்தில் அமைந்து பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கத்னா செய்யலாகாது. அந்தக் குறையைச் சீர்செய்யும்போது அந்த முன்தோலே தேவைப்படும். சில ஊர்களில் இதைப் பிறவியிலேயே சுன்னத்தான பிள்ளை என்று பெருமையாகப் பேசிவிட்டு, எஞ்சிய தோலையும் வெட்டிவிடுவார்கள். வெட்டிய தோலை மீட்க முடியாது.

2024இன் தொடக்கத்தில் பங்களாதேஷின் டாக்காவில் சில வார இடைவெளியில் இரு சிறுவர்கள் கத்னாவுக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டபின் இறந்தனர். தங்கள் சம்மதமின்றி முழு மயக்கம் கொடுக்கப்பட்டதாகக் குடும்பத்தினர் முறையிட்டனர். நாடே கொதித்தது. விறைப்பூசியும் முழு மயக்கமும் வெவ்வேறு. முழு மயக்கத்துக்கு அதற்கென்றே பயிற்சி பெற்ற வைத்தியர், வெறும் வயிறு, கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் வேண்டும். "ஊசி போடுவாங்க" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்கிக்கொண்டு பெற்றோர் தலையாட்டிவிடக்கூடாது. எந்த ஊசி என்று கேட்பது நம் உரிமை.

மார்க்கமும் சட்டமும் ஒரே திசையில்

"இதெல்லாம் மார்க்க விசயம், அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்வோரும் உண்டு. அல்லாஹ்வின் பாதுகாப்பில் நம்பிக்கை வைப்பதற்கும் கவனயீனத்துக்கும் தொடர்பில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கத்னா கடமை. அதே நூல்களில்தான், பிள்ளை தாங்கமுடியாத அளவு பலவீனமாக இருந்தால் பலம் வரும்வரை பிற்படுத்தும்படியும் உள்ளது. காய்ச்சலோடும் சளியோடும் இருக்கும் பிள்ளையை, மண்டபம் பிடித்தாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு என்பதற்காகக் கொண்டுபோய்க் கிடத்துவது மார்க்கமன்று. 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கையிம், பிறந்த குழந்தை தொடர்பான சட்டங்கள் பற்றிய தம் நூலில், கத்னா செய்பவரால் ஏற்படும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பதைத் தனியாக ஆராய்கிறார். தொழில் தெரிந்தவர் எல்லைமீறாமல் செய்து விளைந்ததற்குப் பொறுப்பில்லை. தொழில் தெரியாதவர் கைவைத்தால் அவர் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். மருத்துவம் தெரியாமல் மருத்துவம் செய்பவரே பொறுப்பாளி என்ற நபிமொழிக் கருத்தின் அடிப்படையிலேயே இந்தச் சட்டம் நிற்கிறது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டப்படி மருத்துவம் செய்பவர் பதிவு பெற்றிருக்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்களும் பதிவுசெய்யப்படவேண்டும். பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது சந்தேகப்படுவதாகாது. வீடு வாங்கும்போது உறுதி பார்க்கிறோம். பிள்ளையைக் கொடுக்கும்போது பார்த்தாலென்ன?

செய்யக்கூடியது

கூட்டுக் கத்னா நடத்தும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் ஒரு சிறு வேலை உண்டு. ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். நிறை எவ்வளவு, தடுப்பூசி அட்டை பார்த்தாயிற்றா, உம்மா பக்கத்தில் இரத்தம் நிற்காத வரலாறு உண்டா, வேறு மருந்து எடுக்கிறதா, முன்பு ஏதேனும் ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா, என்ன மருந்து எத்தனை மில்லிலீற்றர் போடப்பட்டது, எத்தனை மணிக்கு, யார் செய்தார். செய்த பிறகு குறைந்தது ஒரு மணித்தியாலம் பிள்ளையை அங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது இரவிலும் பதில் சொல்லக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம் கொடுக்கவேண்டும். கட்டு நனைந்து இரத்தம் சொட்டினால், 8 மணித்தியாலமாகியும் சலம் போகாவிட்டால், நுனி கறுத்தால், காய்ச்சல் வந்தால், பிள்ளை எழுப்பியும் எழும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லித் தாயிடம் சொல்லவேண்டும், எழுத்திலும் கொடுக்கவேண்டும். கசிவைக் கண்டால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வாகனம் தேடவேண்டும். கோப்பித் தூளோ சாம்பலோ மஞ்சளோ வேண்டாம்.

ஒஸ்தா என்ற பரம்பரை நம் கண்முன்னே முடிந்துபோகிறது. அவர்களில் மூத்தவர்கள் எஞ்சியிருக்கும்போதே சென்று, கேட்டு, எழுதி வைக்கும் கடமை நம் ஆய்வு மாணவருக்கு உண்டு. அந்தக் கைகளிடம் விறைப்பூசி இருக்கவில்லை, கிருமிநீக்கம் இருக்கவில்லை. குடும்பத்தை அறிந்திருத்தலும் மூன்றாம் நாள் திரும்பி வந்து காயத்தைப் பார்த்தலும் இருந்தன. அஸ்ஸஹ்ராவியின் அறிவும் ஒஸ்தாவின் திரும்பிவருதலும் ஒரே அறையில் சேரும்போதுதான் அந்தச் சின்ன வெட்டு முழுதும் பாதுகாப்பானதாகிறது. ஊசியைக் கொடுக்க வைத்தியர் இருக்கிறார். மூன்றாம் நாள் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்வோம்.